மீ.சி.ம. சொல்லிக் கொடுக்க நாலு வழி: எந்தப் பிள்ளைக்கு எது?

சாயங்காலம் ஐந்தரைக்கு என் வீட்டுத் திண்ணையில் டியூஷன். கேரள எல்லையில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல: ஒரே பாயில் மூன்று மீடியம். தமிழ் மீடியத்துப் பையன் நோட்டில் ‘மீ.சி.ம.’ (மீச்சிறு பொது மடங்கு) என்று தலைப்புப் போட்டிருப்பான். அவன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மலையாள மீடியத்துப் பெண்ணுக்கு அது ‘லசாகு’. கோபாலபுரம் எல்லையைத் தாண்டி வேனில் போய் இங்கிலீஷ் மீடியம் படித்துவிட்டு வருகிறவனுக்கு ‘எல்.சி.எம்.’ நகரிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் சின்னம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் பையன் தெலுங்கில் இதையே ‘கசாகு’ என்று படித்துக்கொண்டிருந்தான். எந்த மொழியில் கேட்டாலும் 8-க்கும் 12-க்கும் விடை 24.

பெயர் மாறுவதைப் பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிக்கொள்கிறார்கள். வழி மாறும்போதுதான் குழம்புகிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் மடங்குகளை வரிசையாக எழுதச் சொல்கிறார்கள். இன்னொன்றில் முதல் நாளே கோடு போட்டு வகுக்கச் சொல்கிறார்கள். யூடியூபில் ‘மூன்றே விநாடியில் விடை’ என்று ஒருவர் வேறு ஏதோ செய்கிறார். கூட்டிப் போக வரும் அம்மாக்கள் கேட்டிலேயே நிறுத்திக் கேட்பது இதைத்தான்: “ஏனுங்க டீச்சர், ஸ்கூல்ல ஒண்ணு, செல்லுல ஒண்ணு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நாங்க வூட்டுல எதைங்க சொல்லிக் குடுக்கறது?”

கேட்டில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பெயரைச் சரிசெய்யுங்கள்

எந்த வழியை எடுத்தாலும் அதற்கு முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘மீச்சிறு’ என்று சொன்னதுமே பிள்ளை சின்ன எண்ணைத் தேடப் போய்விடுகிறது. 8, 12 என்று கொடுத்தால் பாதிப் பேர் 2 என்பார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் 4 என்பார்கள். ‘மீப்பெரு பொதுக் காரணி’ (மீ.பெ.கா., அதாவது கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் மீதியில்லாமல் வகுக்கிற எண்களில் பெரியது) என்றால் பெரிய எண்ணைத் தேடுவார்கள். உண்மை தலைகீழாக இருக்கிறது: மீச்சிறு என்ற பெயர் கொண்டது கொடுத்த எண்களைவிடச் சின்னதாக இருக்கவே முடியாது, மீப்பெரு என்ற பெயர் கொண்டது அவற்றைவிடப் பெரிதாக இருக்கவே முடியாது. மலையாளத்து ‘லகுதம’வும் தெலுங்கின் ‘கனிஷ்ட’வும் இதே பள்ளத்தில்தான் பிள்ளையைத் தள்ளுகின்றன. மொழியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நான் சொல்லிக் கொடுக்கும்போது பெயரைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்வேன். முதலில் ‘மடங்கு’: அந்த எண்ணிலேயே தொடங்கி ஏறிக்கொண்டே போகிற வரிசை. அப்புறம் ‘பொது’: இரண்டு வரிசையிலும் இருக்கிறது. கடைசியில்தான் ‘மீச்சிறு’: அப்படி இரண்டிலும் இருப்பவற்றில் முதலாவது. இதற்கு ஒரு நாள் முழுக்கப் போனாலும் சரி, நான் கவலைப்படுவதில்லை.

எதை வைத்து எடை போடுவது

வேகத்தை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். அதற்கு முன் பார்ப்பவை இவை.

விடை வந்த பிறகு அது என்ன எண் என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரிகிறதா? ஒருமுறை வேலந்தாவளத்துப் பையன் ஒருவன் கடகடவென்று போட்டு 72 என்று முடித்தான். “72-ன்னா என்னடா?” என்று கேட்டேன். “விடை டீச்சர்” என்றான். அதற்கு மேல் அவனிடம் எதுவும் இல்லை.

தப்பு எந்த இடத்தில் நடக்கும், நடந்தால் பிள்ளையே அதைக் கண்டுபிடிக்க முடியுமா? இது இரண்டாவது. மூன்று எண் கொடுத்தால் வழி தாங்குமா? வாய்ப்பாடு, பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுகிற 2, 3, 5, 7 மாதிரி எண்) என்று முன்கூட்டியே எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? பரீட்சையில் ‘வழி’க்கு மார்க் விழுமா, மேல்வகுப்புக்கு ஆகுமா? இவ்வளவுதான்.

வழி 1: மடங்குகளை எழுதிக்கொண்டே போவது

8, 16, 24, 32…
12, 24, 36…

இரண்டு வரிசையிலும் முதலில் பொதுவாக வருவது 24. மீ.சி.ம. என்பது என்னவென்று இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற வழி கிடையாது. ஏனென்றால் இங்கே வழியும் விளக்கமும் ஒன்றேதான்.

எங்கள் பக்கம் இதைக் கணக்கு நோட்டு இல்லாமலே தொடங்கலாம். தென்னந்தோப்பு இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேங்காய் வெட்டு தெரியும். ஒரு தோப்பில் 45 நாளுக்கு ஒரு வெட்டு, அடுத்த தோப்பில் 60 நாளுக்கு ஒரு வெட்டு. இன்றைக்கு இரண்டு தோப்பிலும் ஒன்றாக வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மறுபடி ஒரே நாளில் வெட்டு விழுவது எப்போது? 45, 90, 135, 180. 60, 120, 180. “ஆறு மாசம் ஆகும் டீச்சர்” என்று பேனாவைத் தொடாமலே சொன்ன பையன் வகுப்பில் கணக்குக்குப் பயந்தவன்.

தாளத்திலும் வரும். பாலக்காடு மணி ஐயர் பேரைச் சொல்லும் பிரதேசம் இது. தெருவுக்கு ஒரு பிள்ளையாவது மிருதங்கமோ செண்டையோ தட்டிக்கொண்டிருக்கும். ஒருத்தி எட்டு எண்ணிக்கையில் ஆதி தாளம் போடட்டும், இன்னொருத்தி ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாகச் சொல்லிக்கொண்டு போகட்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பத்துக்கு வந்து விழுவது 24 எண்ணிக்கை முடிந்த பிறகு, அதாவது மூன்று ஆவர்த்தனம் கழித்து. 2024-இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இதே சாயலில் ஒரு விளையாட்டு உண்டு: வட்டமாக உட்கார்ந்து எண்ணும்போது 3-இன் மடங்குக்கு ‘இட்லி’, 5-இன் மடங்குக்கு ‘வடை’, இரண்டுக்கும் பொதுவானால் ‘இட்லி-வடை’. முதல் இட்லி-வடை 15-இல் வரும். அதுதான் மீ.சி.ம. அடுத்தது 30, அப்புறம் 45. பொது மடங்குகள் எல்லாமே மீ.சி.ம.வின் மடங்குகள் என்ற பெரிய விஷயம் யாரும் சொல்லாமலே பிள்ளைகளுக்குத் தட்டுப்பட்டுவிடும்.

மறைவான செலவு என்றால் நேரமும் காகிதமும். 35, 48 என்று கொடுத்துப் பாருங்கள், விடை 1680. 35-இன் வரிசையில் மட்டும் 48 எண்கள் எழுத வேண்டும். நடுவில் ஒரு கூட்டல் தப்பினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் தப்பு, அது பிள்ளைக்குத் தெரியவும் தெரியாது. எண்கள் 12-க்குள் இருக்கும்வரை நல்ல வழி. அதற்கு மேல் தண்டனை.

வழி 2: பெரிய எண்ணைப் பிடித்துத் தாவுவது

என் கட்சி இதுதான், மறைக்கப் போவதில்லை.

இரண்டு வரிசை எதற்கு? பெரிய எண்ணின் வரிசை மட்டும் போதும். ஒவ்வொரு படியிலும் ‘இது சின்ன எண்ணால் வகுபடுமா?’ என்று கேட்டால் ஆயிற்று. 18, 24 என்றால்: 24, வகுபடாது. 48, வகுபடாது. 72, வகுபடும். மூன்று தாவலில் முடிந்தது. மூன்று எண்ணானாலும் இதே கதைதான். 12, 15, 20 என்றால்: 20 ஆகாது. 40 ஆகாது. 60-இல் 12 ஐந்து முறை, 15 நாலு முறை. முடிந்தது.

வீட்டில் அறுபதாம் கல்யாணம் நடந்தால் பேரப்பிள்ளைகளிடம் இதைக் கேட்கலாம். வியாழன் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30. தாத்தா பிறந்தபோது இரண்டும் இருந்த ராசிகளுக்கே மறுபடி இரண்டும் ஒன்றாகத் திரும்ப எத்தனை வருஷம்? 30-இல் 12 போகாது. 60-இல் போகும். பிரபவ முதல் அட்சய வரையிலான வருஷப் பெயர்கள் அறுபதாக இருப்பதை இதோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கண் விரியும்.

இந்த வழியில் எத்தனை தாவல் ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு எண்கள் என்றால் சின்ன எண்ணை மீ.பெ.கா.வால் வகுத்து வருவதுதான் தாவல்களின் எண்ணிக்கை. 18, 24-க்கு மீ.பெ.கா. 6, 18-இல் 6 மூன்று முறை, மூன்று தாவல். 1-ஐத் தவிரப் பொதுக் காரணி எதுவுமே இல்லாத எண்களானால் சின்ன எண் எவ்வளவோ அவ்வளவு தாவல். 35, 48-க்கு 35 தாவல் போட யாருக்கும் பொறுமை வராது. ஆனால் ஐந்து, ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்குகளில் வருகிற பகுதிகள் (பின்னத்தின் கீழ் எண்கள்) 6, 8, 12, 15 மாதிரிதான். அங்கே மனசுக்குள்ளேயே விடை வந்துவிடும்.

செலவு என்னவென்றால், பரீட்சைத் தாளில் எழுதிக் காட்ட இதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. விடையை மட்டும் எழுதிவிட்டு ‘வழி எங்கே?’ என்று சிவப்பு மையில் சுழி வாங்கி வந்த பிள்ளைகள் என் திண்ணையிலேயே உண்டு. இன்னொன்று, வாய்ப்பாடு ஆடிப்போய் இருக்கிற பிள்ளைக்கு ‘72 பதினெட்டால் வகுபடுமா?’ என்ற கேள்வியே ஒரு மலை. அந்தப் பிள்ளைக்கு இது தோது அல்ல.

வழி 3: பகா காரணிகளாகப் பிரிப்பது

காரணிச் செடி போட்டு எண்ணைக் கிளைகிளையாகப் பிரிப்பது. 12 = 2 × 2 × 3. 18 = 2 × 3 × 3. ஒவ்வொரு பகா எண்ணும் எங்கே அதிகமாக வருகிறதோ அத்தனை முறை எடுத்தால் 2 × 2 × 3 × 3 = 36.

இதில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் ‘அதிகமாக வருவதை எடு’ என்ற விதி. ஏன் அதிகமானதை எடுக்க வேண்டும்? ஏன் இரண்டையும் கூட்டி எடுக்கக் கூடாது? சொல்லாமல் விட்டால் எல்லாவற்றையும் பெருக்கி 216 என்று வந்து நிற்பார்கள்.

நான் சமையலறைக்குக் கூட்டிப் போவேன். சாம்பாருக்கு இரண்டு தக்காளி, ஒரு வெங்காயம். குருமாவுக்கு ஒரு தக்காளி, இரண்டு வெங்காயம். நாளைக்கு இரண்டில் ஒன்றைத்தான் வைக்கப் போகிறேன், ஆனால் எது என்று இன்னும் முடிவாகவில்லை. எதை வைத்தாலும் குறை வரக்கூடாது, காசும் வீணாகக் கூடாது. கடையில் குறைந்தது என்ன வாங்க வேண்டும்? மூன்று தக்காளி, மூன்று வெங்காயம் என்று ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை. “ரெண்டு தக்காளி, ரெண்டு வெங்காயம்.” தக்காளி இருக்கிற இடத்தில் 2-ஐ வை, வெங்காயம் இருக்கிற இடத்தில் 3-ஐ வை. சாம்பார் 12, குருமா 18, கடைப்பை 36. இதற்குப் பிறகு 216 போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். (தக்காளியும் வெங்காயமும் சேர்ந்தால் கூட்டல்தானே, பெருக்கல் எப்படி வந்தது என்று ஒருத்தி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். ‘இந்தப் பைக்குள் இருப்பவை பெருக்கல் குறியால் ஒட்டியிருக்கின்றன’ என்றுதான் அன்றைக்குச் சமாளித்தேன்.)

முன்செலவு அதிகமான வழி இது. பகா எண் என்றால் என்ன என்று தெரிய வேண்டும், 2, 3, 5-ஆல் வகுபடும் விதிகள் கையில் இருக்க வேண்டும். 51, 91 மாதிரி எண்கள் பகா எண் வேஷம் போட்டு ஏமாற்றும். உள்ளே 3 × 17, 7 × 13. ஆனால் போட்ட முதல் திரும்பி வருகிறது. இதே பிரிப்பிலிருந்து மீ.பெ.கா.வும் கிடைத்துவிடும் (குறைவாக வருவதை எடுத்தால் 2 × 3 = 6). பத்தாம் வகுப்பில் எண்களுக்குப் பதிலாகப் பல்லுறுப்புக் கோவைகள் வரும்போது மற்ற வழிகள் கையை விரித்துவிட, துணைக்கு வருவது காரணிகளாகப் பிரிப்பதுதான். மீடியம் மாறப்போகிற பிள்ளைக்கும் இதுவே நல்லது, எந்த மொழிப் புத்தகத்திலும் 2² × 3² ஒரே மாதிரிதான் இருக்கும்.

வழி 4: கோடு போட்டு வகுப்பது

பெற்றோரில் பெரும்பாலோர் படித்தது இதுதான். அதனால் வீட்டில் முதலில் சொல்லிக் கொடுப்பதும் இதையே. எண்களை ஒரே வரியில் எழுதி, இடப்பக்கம் பகா எண்ணை வைத்து வகுத்துக்கொண்டே இறங்குவது.

2 | 12, 15, 20
2 | 6, 15, 10
3 | 3, 15, 5
5 | 1, 5, 5
  | 1, 1, 1

2 × 2 × 3 × 5 = 60. வேகம், சுத்தம், எத்தனை எண் கொடுத்தாலும் தாங்கும், பரீட்சையில் வழிக்கு முழு மார்க். இவ்வளவு நல்ல வழியை முதலில் சொல்லிக் கொடுக்காதீர்கள் என்று ஏன் சண்டை போடுகிறேன்?

காரணம், இதில் தப்பு நடந்தால் வெளியே தெரியாது. மூன்று விதமாக நடக்கிறது.

ஒன்று, சீக்கிரமே நிறுத்திவிடுவது. மேலே முதல் வரியிலேயே 15, 2-ஆல் வகுபடவில்லை. மீ.பெ.கா.வுக்கு எல்லா எண்ணும் வகுபட வேண்டும், மீ.சி.ம.வுக்கு இரண்டு எண் வகுபட்டாலே தொடரலாம், வகுபடாததை அப்படியே கீழே இறக்க வேண்டும். இரண்டு பாடமும் ஒரே வாரத்தில் நடந்திருந்தால் இந்த விதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இரண்டு, கடைசி வரியை மறப்பது. 8, 12-ஐ 2-ஆல் வகுத்தால் 4, 6. மறுபடி 2-ஆல் வகுத்தால் 2, 3. இதற்கு மேல் பொதுவாக எதுவும் இல்லை என்று நிறுத்தினால் இடப்பக்கம் 2 × 2 = 4. அதை மட்டும் பெருக்கி எழுதினால் அது மீ.பெ.கா. கீழே நிற்கும் 2, 3-ஐயும் சேர்த்தால்தான் 24.

மூன்றாவதைப் பல ஆசிரியர்களே கவனிப்பதில்லை. 12, 18, 4 என்று கொடுத்திருந்தேன். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, 2-ஆல், 3-ஆல் என்று தனித்தனியாக எதற்கு என்று நேரே 6-ஆல் வகுத்தாள். 12-உம் 18-உம் 2, 3 ஆயின. 4 வகுபடாததால் அப்படியே இறங்கியது. பிறகு 2-ஆல்: 1, 3, 2. பெருக்கினால் 6 × 2 × 3 × 2 = 72. சரியான விடை 36. இடப்பக்கம் பகா எண் மட்டுமே வர வேண்டும் என்ற விதி எதற்காக என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 6-ஆல் வகுக்கும்போது 4-க்குள் இருந்த 2 கவனிக்கப்படாமல் தப்பித்துக் கீழே இறங்கிவிட்டது. பின்னால் அது இரண்டாம் முறை எண்ணப்பட்டது. இரண்டே எண்களாக இருந்திருந்தால் 6-ஆல் வகுத்தும் விடை சரியாகவே வந்திருக்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் பிடிபடாமல் வளர்கிறது.

“சரிபார்த்தியா?” என்றேன். “பாத்தேன் டீச்சர். 72, 12-ஆல வகுபடுது, 18-ஆல வகுபடுது, 4-ஆல வகுபடுது.” அவள் சொன்னது முழுக்க உண்மை. 72 பொது மடங்குதான். ஆனால் மீச்சிறு அல்ல. வகுபடுகிறதா என்ற சோதனை அதைப் பிடிக்காது.

அன்றிலிருந்து நான் சொல்லிக் கொடுக்கிற சோதனை வேறு. விடையைக் கொடுத்த எண் ஒவ்வொன்றாலும் வகுத்து, ஈவுகளை எழுதச் சொல்வேன். 72-க்கு ஈவுகள் 6, 4, 18. மூன்றிலும் 2 இருக்கிறது. அப்படியானால் 72-ஐப் பாதியாக்கலாம், இன்னும் சின்னது உண்டு. 36-க்கு ஈவுகள் 3, 2, 9. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை. முடிந்தது, இதுதான் மீச்சிறு. எந்த வழியில் போட்ட விடையானாலும் இந்தச் சோதனை செல்லும். நான்கு வழியில் எதை எடுத்தாலும் இதைச் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

இவ்வளவு திட்டினாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாய்ப்பாட்டில் தடுமாறுகிற பிள்ளைக்கு வழி 4-தான் பிழைக்கும் வழி. 2, 3, 5, 7 ஆகிய நாலு வாய்ப்பாடு இருந்தால் போதும், பள்ளிக்கூடக் கணக்கில் பெரும்பாலானதை முடித்துவிடலாம்.

ஒரு குறுக்கு வழி

இரண்டு எண்களின் பெருக்கற்பலன் = மீ.பெ.கா. × மீ.சி.ம. இரண்டு எண்ணுக்கு மட்டும்தான் இது செல்லும். 4, 6, 10-க்குப் போட்டால் 240-ஐ 2-ஆல் வகுத்து 120 வரும், உண்மை 60.

பெரிய, முரட்டு எண்களுக்கு மட்டும் இதை எடுக்கலாம். 299, 391 என்று வந்தால் எதால் வகுபடும் என்றே தெரியாமல் விழிப்போம். யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் எழுதிவைத்த மீதி முறையில் போனால்: 391-ஐ 299-ஆல் வகுக்க மீதி 92, 299-ஐ 92-ஆல் வகுக்க மீதி 23, 92-ஐ 23-ஆல் வகுக்க மீதி இல்லை. மீ.பெ.கா. 23. 391-ஐ 23-ஆல் வகுத்தால் 17; 17 × 299 = 5083. அவ்வளவுதான்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பொருள் புரியுமா | முன்பே தெரிய வேண்டியது | வழக்கமான தப்பு | மூன்று எண் | பரீட்சைத் தாள் |
|---|---|---|---|---|---|
| மடங்குப் பட்டியல் | முழுக்கப் புரியும் | கூட்டல் | நடுவில் ஓர் எண் தப்பினால் எல்லாம் தப்பு | சின்ன எண்ணுக்கு மட்டும் | சின்ன கணக்குக்குச் செல்லும் |
| பெரிய எண்ணில் தாவுவது | புரியும் | வாய்ப்பாடு நன்றாக | பாதியில் பொறுமை போவது | எளிது | எழுதிக் காட்ட வழி இருக்காது |
| பகா காரணி | சமையல் கணக்கு சொன்னால் புரியும் | பகா எண், வகுபடும் விதிகள் | எல்லாவற்றையும் பெருக்குவது | தாங்கும் | முழு மார்க். பத்தாம் வகுப்பு வரை உதவும் |
| கோடு போட்டு வகுப்பது | தானாகப் புரியாது | 2, 3, 5, 7 வாய்ப்பாடு | சீக்கிரம் நிறுத்துவது, கடைசி வரி, பகு எண்ணால் வகுப்பது | மிக நன்றாக | முழு மார்க், வேகம் |

பின்னத்துக்காகத்தானே கேட்கிறீர்கள்?

பெரும்பாலும் பெற்றோர் ஓடிவருவது பின்னக் கூட்டல் வந்த வாரத்தில். அவர்களுக்கு ஓர் ஆறுதல்: மீ.சி.ம. தெரியாவிட்டாலும் பின்னத்தைக் கூட்டலாம். 5/12 + 7/18-க்குப் பகுதிகளைப் பெருக்கி 216 வைத்துக்கொண்டால் 90/216 + 84/216 = 174/216; சுருக்கினால் 29/36. மீ.சி.ம. 36 வைத்தால் 15/36 + 14/36, நேரே 29/36. இரண்டும் ஒன்றே. முதல் வழியில் 174-ஐயும் 216-ஐயும் சுருக்குகிற இடத்தில்தான் பிள்ளை தடுக்கி விழுகிறது. ஆகவே மீ.சி.ம. இங்கே கட்டாயம் அல்ல, வேலையைக் குறைக்கிற கருவி. பின்னமே இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு இரண்டு பாரத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றாதீர்கள்.

வாக்கியக் கணக்கில் ஒரு பள்ளம்

மூன்று மணிகள் 6, 8, 12 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கின்றன, காலை 6 மணிக்குச் சேர்ந்து அடித்தால் மறுபடி எப்போது? 24 என்று எழுதிவிட்டு நிறுத்துகிறவர்கள் அதிகம். கேட்டது நேரம், 6 மணி 24 நிமிடம்.

இதைவிட முக்கியம், ‘சேர்ந்து தொடங்கினால்’ என்ற வார்த்தை. மூணாறு மலையில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006, 2018-இல் பூத்தது. கும்பகோணத்தில் மகாமகமும் 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2004, 2016-இல் நடந்தது. 12-க்கும் 12-க்கும் மீ.சி.ம. 12 என்று கணக்குச் சொன்னாலும் இந்த இரண்டும் ஒரே ஆண்டில் சந்திக்காது. எப்போதும் இரண்டு வருஷம் தள்ளியே வரும். தொடங்கிய இடம் வேறு என்றால் மீ.சி.ம. மட்டும் உதவாது. இதைச் சொன்னபோது ஒருவன், “அப்ப நம்ம தோப்புக் கணக்குல ‘இன்னைக்கு ஒண்ணா வெட்டுனா’ன்னு சொன்னது அதுக்குத்தானா?” என்றான்.

யாருக்கு எது

நாலு, ஐந்தாம் வகுப்பு என்றால் பட்டியலில் ஒரு வாரம், பிறகு தாவல். அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மடங்கு புரிந்துவிட்டது என்றால் பகா காரணிக்குப் போங்கள், சாம்பார்-குருமாவோடு. கோடு போடுவதை அதற்கு அடுத்த மாதம் சொல்லலாம். காரணிச் செடியைப் பார்த்த பிள்ளைக்கு ‘இடப்பக்கம் ஏன் பகா எண்’ என்று விளக்கவே தேவையிருக்காது.

மத்திய அரசின் நவோதயா பள்ளி நுழைவுத் தேர்வுக்கு உட்காருகிறவர்கள் எங்கள் பக்கம் கணிசம். தமிழ்நாட்டில் அந்தப் பள்ளி கிடையாது, பாலக்காட்டில் மலம்புழாவில் இருக்கிறது. அந்தத் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், வழி எழுத வேண்டாம். அங்கே தாவலும் கோடும் இரண்டுமே கையில் இருக்கட்டும். கொடுத்த விடைகளிலேயே சின்னதிலிருந்து வகுத்துப் பார்ப்பது இன்னும் வேகம்.

வாய்ப்பாடு வராத பிள்ளைக்குக் கோடு. ஆனால் தினமும் ஒரு கணக்காவது பட்டியலிலும் போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த வாரம் பரீட்சை என்றால் வழியை மாற்றவே மாற்றாதீர்கள். பள்ளிக்கூடத்தில் எதைச் சொன்னார்களோ அதுவே இருக்கட்டும். ஈவுச் சோதனையை மட்டும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள், பத்து நிமிஷ வேலை.

72 போட்ட அந்தப் பெண் போன புதன்கிழமை ஒரு கைடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 6, 10, 15-க்கு மீ.சி.ம. 90 என்று அச்சாகியிருந்தது. “ஈவு 15, 9, 6 வருது டீச்சர். மூணுலயும் 3 இருக்கே.” நான் பார்ப்பதற்கு முன்பே 90-ஐப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 30 என்று எழுதியிருந்தாள்.